டிஸ்க்கு போட்டுத் தந்தா, ரீபூட் பண்ணிக் காட்டச் சொல்லிட்டு காசு குடுங்க மக்களே

தக்கலை பக்கம் சின்னதா ஸ்டூடியோ வச்சிருக்கேன், முக்கால்வாசி கல்யாண வேலைதான். பழைய சர்வர் ஒண்ணு வாங்கி, ஒரே மெஷின்ல பல கம்ப்யூட்டர் ஓட்டுத ப்ராக்ஸ்மாக்ஸ் (Proxmox) போட்டு, அதுக்குள்ள உபுண்டு ஓடுத ஒரு விஎம் (மெஷினுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி), படமெல்லாம் வைக்கதுக்கு தனியா 2 டிபி டிஸ்க்கு, எல்லாம் செட் பண்ணித் தர நாகர்கோவில்ல ஒருத்தர்ட்ட 14,000 ரூவா குடுத்தேன். நல்லாத்தான் ஓடிச்சு, ஆனா ஒரு தடவகூட ஆஃப் பண்ணி ஆன் பண்ணல, அது அப்ப எனக்கு தோணல.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி கரண்டு போச்சு, யூபிஎஸ்ஸும் தாங்கல. காலைல எல்லாம் தானா ஆன் ஆயிட்டு, ஃபோல்டரத் தொறந்தா உள்ள ஒண்ணும் இல்ல. ஆல்பம் குடுக்காத கல்யாணம் ரெண்டு அதுலதான் கெடக்கு, எனக்கு கையும் காலும் ஓடல. அவருக்கு போன் போட்டா, வந்து பாக்காமலே "டிஸ்க்கு போச்சுண்ணே, ரெக்கவரிக்கு 22,000 ஆவும், பாதிய இப்பவே போடுங்க"ன்னாரு. பயத்துல 11,000 போட்டுட்டேன்.

அதோட நிக்கல. அடுத்த மூணு நாளு எடுத்த படத்தையும் அதே ஃபோல்டர்லதான் போட்டோம், திடீர்னு இடம் இல்லன்னு காட்டுது. 2 டிபில எப்படி இடம் இல்லாமப் போவும்?

சனிக்கிழம டெக்னோபார்க்ல வேல பாக்க அக்கா மவன் வந்தான். என்னென்ன டிஸ்க்கு இருக்குன்னு காட்டுத எல்எஸ்பிஎல்கே (lsblk)ன்னு ஒரு கமாண்டு அடிச்சான், டிஸ்க்கு அப்படியே இருக்கு, மவுண்ட் மட்டும் ஆவல, அதாவது ஃபோல்டரோட டிஸ்க்கு இணையல. "மாமா, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆவல"ன்னு சொல்லி மவுண்ட் பண்ணினான், எல்லாப் படமும் வந்துட்டு. எனக்கு கண்ணு கலங்கிட்டு.

விஷயம் இதுதான். ப்ராக்ஸ்மாக்ஸ்ல டிஸ்க்க விஎம்முக்கு சேத்துவிட்டா அது நிலைச்சு நிக்கும், ஆனா உபுண்டுக்குள்ள கையால மவுண்ட் பண்ணினது அடுத்த ரீபூட் வரைக்கும்தான். ஒவ்வொரு தடவையும் தானா ஏறணும்னா எந்த டிஸ்க்க எங்க ஏத்தணும்னு குறிச்சு வைக்க எஃப்எஸ்டேப் (/etc/fstab) ஃபைல்ல ஒரு வரி எழுதணும், அந்த ஒத்த வரிய அவரு எழுதல. அதுலயும் டிஸ்க்குக்கு உபுண்டு வச்ச எஸ்டிபி (sdb)ங்க பேரப் போட்டு எழுதாதீங்க, இன்னொரு டிஸ்க்கு சேத்தா அந்தப் பேரு மாறிப் போவலாம், பிளாக்ஐடி (blkid) கமாண்டு தர்ற யூயூஐடிங்க (UUID) அடையாள நம்பரப் போடணும். கூட, டிஸ்க்கு இல்லன்னாலும் பூட் ஆவட்டும்னு சொல்லுத நோஃபெயில் (nofail)னும் சேருங்க, இல்லன்னா டிஸ்க்கு கெடைக்காத அன்னைக்கு ஒன்றர நிமிஷம் காத்துக் கெடந்துட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயிரும், வெளியேருந்து உள்ள நுழையவே முடியாது. எழுதினதும் மவுண்ட் மைனஸ் ஏ (mount -a) அடிச்சுப் பாருங்க, தப்பிருந்தா அங்கயே காட்டிரும். அப்புறம் முழுசா ரீபூட் பண்ணுங்க.

இன்னொண்ணு, அந்த மூணு நாளு படம் போனது 32 ஜிபி ஓஎஸ் டிஸ்க்குக்குள்ள, அதான் நெறஞ்சு போச்சு. பெரிய டிஸ்க்கு மேல ஏறினதும் அதெல்லாம் அடியில மறைஞ்சிட்டு, அழிஞ்சு போச்சுன்னு மறுபடியும் பதறினேன். டிஸ்க்க எறக்கி, அதுகள வேற ஃபோல்டருக்கு மாத்தி, திரும்ப ஏத்தித்தான் எடுத்தான். இனி இப்படி ஆவாம இருக்க, டிஸ்க்க எறக்கின நேரத்துலயே அந்தக் காலி ஃபோல்டர சேட்டர் பிளஸ் ஐ (chattr +i) கமாண்டு போட்டு பூட்டியும் வச்சான், மவுண்ட் ஆவலன்னா அதுல எதுவும் எழுதவே விடாது.

எனக்க 11,000 இன்னும் வரல. கேட்டா செக்கிங் சார்ஜுன்னு சொல்லுதாரு, கடைப்படி ஏறாம, டிஸ்க்க கண்ணால பாக்காம.