ஃப்ரிட்ஜ் கதவுக்குப் புஷ் (கதவைத் தாங்கும் சிறு நைலான் பாகம்) மாற்ற ஆள் கூப்பிடுபவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டில் ஒன்பது வருடமான சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். போன மாதம் அதன் கதவு லேசாக இறங்கி, திறக்கும்போதெல்லாம் கீழே உரச ஆரம்பித்தது. முன்பு பாதி தள்ளினாலே தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் கதவு, கையால் அழுத்தினால்தான் மூடியது. இரவில் சரியாக மூடாமல் விட்டால் காலையில் ஃப்ரீசர் முழுக்க ஐஸ், மாவு புளித்துக் கிடக்கும்.

சென்னையில் இருந்தபடி நான்தான் கம்பெனி பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் திருநெல்வேலி' என்று கூகுளில் தேடினேன். முதலில் வந்த மொபைல் எண்ணுக்குப் பேசினேன். கம்பெனி பெயரைச் சொல்லித்தான் போனை எடுத்தார்கள், அதனால் சந்தேகமே வரவில்லை.

வந்தவர் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஹிஞ்ச் (கதவுக் கீல்) செட்டும் டோர் ரப்பரும் போச்சு. கதவு மூடாம கேஸும் இறங்கிடுச்சு. இப்படியே ஓடினா கம்ப்ரசர் போயிடும்" என்றிருக்கிறார். கம்ப்ரசர் என்றதும் நானும் பயந்து, செய்யச் சொல்லிவிட்டேன். ஹிஞ்ச் 900, ரப்பர் 1,100, கேஸ் 1,500, விசிட் 350. மொத்தம் 3,850 ரூபாய், ஜிபேயில் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போனது. பில் என்று கொடுத்தது துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண்கூட இல்லை. கழற்றிய பழைய பாகங்களை அம்மா கேட்டபோது, ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டே நாளில் கதவு மறுபடி இறங்கியது. அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. ஃப்ரிட்ஜோடு வந்த புத்தகத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினால், எங்கள் பெயரில் புகாரே பதிவாகவில்லை என்றார்கள்.

நான் ஊருக்குப் போனேன். தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சி வந்து, பிளக்கைப் பிடுங்கி, மேல் ஹிஞ்சைக் கழற்றி, கதவைத் தூக்கிப் படுக்க வைத்தார். கதவின் அடியில், கீழ் ஹிஞ்ச் பின் உட்காரும் இடத்தில் ஒரு நைலான் புஷ் இருக்கிறது. அதில் சரிவான ஒரு மேடு. திறக்கும்போது கதவு அதில் ஏறும், விட்டால் தன் எடையாலேயே சறுக்கி வந்து மூடிக்கொள்ளும். எங்கள் புஷ்ஷில் அந்த மேடு தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆமாம், அதே பழைய புஷ்! முதலில் வந்த ஆள் அடியில் ஒரு பிளாஸ்டிக் வாஷரைக் கொடுத்துக் கதவைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் உடைந்துவிட்டது. ரப்பரும் மாற்றவில்லை. மூலையில் இருந்த மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது.

கேஸ் விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் கேஸ், எங்கும் திறப்பில்லாமல் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. கதவு திறந்து கிடந்தால் குளிர் போகும், கரண்ட் வீணாகும், கேஸ் போகாது. கேஸ் ஏற்ற வேண்டுமென்றால் கம்ப்ரசர் பக்கத்தில் உள்ள சிறு குழாயை வெட்டியோ துளைத்தோதான் ஏற்ற முடியும். அண்ணாச்சி பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். கம்பெனியில் அடைத்தபடியே, தூசி படிந்து இருந்தது அந்தக் குழாய்.

புது புஷ் 120 ரூபாய், கூலி 300. ஃப்ரிட்ஜுக்குள் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து வாங்கி வந்து மாட்டினார். முன்கால்களைத் திருகி முன்பக்கத்தைச் சற்று உயர்த்தினார். பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தோம், எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பிடித்தது.

உங்கள் வீட்டிலும் கதவு இறங்கினால் முதலில் அந்தப் புஷ்ஷைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைக் கூகுளில் எடுக்காதீர்கள், புத்தகத்திலோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ பாருங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதை இன்றே போன் போட்டுச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. இன்று காலை மறுபடி தேடிப் பார்த்தேன், அதே மொபைல் எண்தான் முதலில் வருகிறது.