தாம்பத்யம் நின்றுபோனால் எந்த டாக்டரிடம் போவது? கோவையில் எங்கள் அனுபவம்

பொள்ளாச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 45. வீட்டுக்காரருக்குத் தேங்காய் மண்டி. எங்களுக்குள் நெருக்கம் குறைந்து குறைந்து, அப்புறம் ஒரேயடியாக நின்றுவிட்டது. பெரிய சண்டை எதுவும் கிடையாது. ஆனால் அவருக்குத் தூக்கம் போச்சு, எனக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல். சாப்பிட வரச் சொல்லக்கூட மகளைத்தான் தூது விட்டுக்கொண்டிருந்தோம். அதனால்தான் கோவையில் பாலியல் மருத்துவமும் தம்பதி ஆலோசனையும் ஒரே இடத்தில் பார்க்கிற ஒரு மருத்துவமனைக்குப் போனோம். குறைகளையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை.

அங்கே எனக்கு முதலில் பிடித்தது, "பிரச்சினை யாருக்கு?" என்று கேட்காதது. ஓபி சீட்டையே இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். டாக்டர் எடுத்தவுடன் வீட்டுக்காரரின் மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பச் சொன்னார். பிரஷருக்கு அவர் பல வருடமாக அட்டினோலால் சாப்பிடுகிறார், சுகரும் இருக்கிறது. இரண்டுமே விறைப்புத்தன்மையைக் குறைக்கக்கூடியவை என்று இத்தனை வருடத்தில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. "நீங்களா நிறுத்திடாதீங்க சார், உங்க பிரஷர் டாக்டருக்கு நான் லெட்டர் தர்றேன்" என்றார். அதன்படி அந்த டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார்.

அடுத்து இந்த மருத்துவமனை டாக்டர் சொன்னதுதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படியும்போது சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். அதனால் விறைப்புக் குறைவு மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம் என்று விளக்கி, ஈசிஜி, கொழுப்பு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) எல்லாம் எழுதினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அளவைக் காலையில்தான் பார்க்க வேண்டுமாம். மண்டியில் யாரோ சொன்ன நீல மாத்திரையை, அதாவது வயாகராவைப் பற்றி வீட்டுக்காரர் கேட்டார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, பிரஷர் படுபயங்கரமாக இறங்கிவிடும் என்றார்.

என்னைத் தனியாக ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். உறவின்போது வலித்ததால்தான் நான் தள்ளிப்போனேன் என்று அவரிடம்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், பெண்ணுறுப்பு வறண்டுபோகும், வலி வந்தால் மனசும் பின்வாங்கும் என்று பொறுமையாக விளக்கினார். தண்ணீர் சார்ந்த ஜெல் ஒன்று எழுதினார். ஆணுறை போடுபவர்கள் எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் நைந்துவிடும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி வீட்ல யார் எங்க படுப்பீங்க?" மகள் குழந்தையாக இருந்தபோது எங்கள் நடுவில் படுத்தவள். பிளஸ் டூ வந்தும் என் பக்கத்தில்தான், அவர் கூடத்தில். எத்தனையோ தமிழ் வீடுகளில் இதுதான் நடக்கிறது, யாரும் இதை ஒரு காரணமாகவே நினைப்பதில்லை. மகளுக்குத் தனி அறை ஒதுக்கியது அந்த வாரமே.

"வாரத்துக்கு எத்தனை தடவை இருந்தால் ஆரோக்கியம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். 2015இல் ஏமி மியூஸ் என்ற ஆய்வாளரின் குழு 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவலை அலசியதில், தம்பதிகளின் மகிழ்ச்சி வாரம் ஒருமுறை வரை கூடுகிறது, அதற்கு மேல் கூடுவதில்லை என்று தெரிந்ததாம். அதே வருடம் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில், எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொல்லப்பட்ட தம்பதிகளின் மகிழ்ச்சி கூடவே இல்லை. வேல்ஸ் நாட்டின் கேர்ஃபில்லியில் நடந்த ஆய்வில், அடிக்கடி உச்சம் அடைந்த ஆண்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஆனால் உடம்பு நன்றாக இருந்ததால்தான் அவர்களுக்கு அது முடிந்ததோ என்னவோ, இதை வைத்துப் பயந்துவிடாதீர்கள் என்றார் ஆலோசகர். இருவருக்கும் மனநிறைவு இருந்தால் குறைவாக இருப்பது ஒரு நோயே இல்லை, ஒருவர் ஏங்கி இன்னொருவர் ஒதுங்கும்போதுதான் அது உறவை அரிக்கும் என்றார். எனக்கு இது மிகச் சரியாகப் பட்டது.

பிறகு வீட்டுப் பயிற்சி கொடுத்தார். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை. சில வாரங்களுக்கு உறவே கூடாது, ஒருவரை ஒருவர் தொடுவது மட்டும்தான். கை, முதுகு, கால். அடுத்து என்ன ஆகுமோ என்ற பயம் இல்லாததால் எனக்கு உடம்பு இறுகவில்லை. தேங்காய் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அவருடைய உள்ளங்கையை அத்தனை நேரம் பிடித்திருந்தது கல்யாணமான புதிதில்தான். இப்போது நாங்கள் மாதம் ஓரிரு முறை சேர்கிறோம். அதைவிட, சாப்பாட்டுக்கு அவரை நானே கூப்பிடுகிறேன்.

குறைகள் உண்டு. வரவேற்பில் எங்கள் பெயரையும் வந்த காரணத்தையும் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்டார்கள். வீட்டுக்காரர் எழுந்து போகவே பார்த்தார். முதல் தடவை 1,500 ரூபாய், பரிசோதனைகள் தனி. மருந்துக்கடையில் டாக்டர் எழுதாத சத்துப் பவுடர் டப்பாவை நீட்டினார்கள், நான் வாங்கவில்லை. ஆனாலும் லாட்ஜில் அறை போட்டு, ஆண்மைக்கு லேகியம் விற்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954லேயே வந்துவிட்டது, நோட்டீஸ் மட்டும் நிற்கவில்லை.

போகிறவர்கள் இருவரின் மாத்திரை அட்டைகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், டோக்கன் வர மதியமாகிவிடும். வார நாளில் போனால் ஆலோசகர் அவசரப்படாமல் பேசுகிறார்.