பழைய இழைப்புளி: மரமா, இரும்பா?

அம்பாசமுத்திரம் பக்கம் ஆசாரி வீட்டுப் பரணில் கிடக்கும் தேக்கு இழைப்புளிக்கும், பழைய இரும்புக் கடைக்கு வரும் ஸ்டான்லி 4-க்கும் (ஸ்டான்லி நிறுவனத்தின் 4-ம் எண் இரும்பு இழைப்புளி) வேலை ஒன்றுதான்: பலகையை இழைத்து வழவழப்பாக்குவது. பார்த்து வாங்கும் விதம் வேறு.

ஸ்டான்லியில் முதலில் வாய்ப்பகுதியையும் (தகடு வெளியே நீளும் அடிப்பக்கத் திறப்பு) பக்கச் சுவர்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் விரிசல் விடும். விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். மேல்துருவுக்குப் பயப்பட வேண்டாம், வினிகரில் ஊறினால் போய்விடும். வெட்டும் தகட்டின் முனையருகே துரு குழி பறித்திருந்தால்தான் வம்பு: சாணை பிடித்தாலும் கூர் முழுசாக வராது. திருகைச் சுழற்றித் தகடு வெட்டும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர் லியோனார்டு பெய்லியுடையது. அவருடைய நிறுவனத்தை ஸ்டான்லி 1869-ல் வாங்கியது.

மரத்தில் அந்த வசதி இல்லை. ஆப்பும் சுத்தியல் தட்டும்தான், கை பழக நாளாகும். குற்றாலச் சாரல் காலத்தில் கட்டை ஈரம் குடித்து அடிப்பாகம் கோணும். இழைத்துச் சமன் செய்யலாம். ஆனால் செய்யச் செய்ய வாய் அகன்று, பலகை பிய்ய ஆரம்பிக்கும்.

தினசரி வேலைக்கு ஸ்டான்லி. சேகரிக்க நான் மரத்தையே சொல்வேன். ஆலையில் ஒரே அச்சில் வார்த்தது இன்னும் எங்கும் கிடைக்கும். ஒரு ஆசாரி தன் கைக்கென்று செதுக்கியது வேறு எங்கும் கிடைக்காது. கரையான் அரித்ததை மட்டும் வாங்காதீர்கள்.