ஏற்காட்டிலேயே பார்ப்பதா, சேலத்துக்கு இறங்குவதா?

வெளிநாட்டு விருந்தினருக்கு ஏற்காட்டில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் மலையிலேயே பார்த்துவிடலாம். அரசு மருத்துவமனையும் மருந்துக்கடைகளும் இருக்கின்றன. குமட்டலோடு துவண்டிருப்பவரை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குவது பெரும் கொடுமை! அமெரிக்காவிலிருந்து வந்தவர் ‘டைலெனால்’ என்று தேடுவார். ‘பாரசிட்டமால்’ என்று கேட்கச் சொல்லுங்கள், அதே மருந்துதான். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் வணிகப் பெயரை விட மூலக்கூறுப் பெயரே இங்கு உதவும். ஆன்டிபயாட்டிக்குக்கு மருத்துவர் சீட்டு அவசியம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எலும்பு முறிவு என்றால் சேலம்தான், தயங்கவே கூடாது. அங்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108 ஆம்புலன்சுக்குக் கட்டணம் கிடையாது. தனியார் மருத்துவமனை என்றால், பயணக் காப்பீட்டுக்காக ஒவ்வொரு ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.