சூடேறும் பிராசஸர்: பேஸ்ட், டவர் கூலர், லிக்விட் கூலர், பயாஸ் – செட்டிநாட்டு வெயிலுக்கு எது சரி?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் பக்கம் சொந்தமாக அசெம்பிள் செய்த சிஸ்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். பிராசஸர் 95 டிகிரியைத் தாண்டுகிறது, ஃபேன் அலறுகிறது, ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக மாற்றும் வேலை) பாதியில் நின்று சிஸ்டம் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. வைகாசி முகூர்த்தங்களும் இந்த வெயிலோடு சேர்ந்தே வருவதால், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இது பிழைப்பையே பாதிக்கிற விஷயம்.

வழிகள் பல இருக்கின்றன. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்டை மாற்றலாம், தகடுகளை அடுக்கி ஃபேன் வைத்த பெரிய டவர் கூலர் போடலாம், தண்ணீரை ஓட விட்டுச் சூட்டை எடுக்கும் லிக்விட் கூலருக்குப் போகலாம், கேபினெட் ஃபேன் கூட்டலாம், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) பிராசஸர் இழுக்கும் வாட்டைக் குறைக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடு எந்த இடத்தில் தேங்குகிறது என்று பார்க்காமல் எதை வாங்கினாலும் காசு வீண். பார்த்துவிட்டால், நம் பக்கத்து சிஸ்டம்களில் பெரும்பாலானவற்றுக்கு லிக்விட் கூலர் தேவைப்படாது.

வாங்குவதற்கு முன்

எல்லா பிராசஸருக்கும் ஒரே சூட்டு வரம்பு கிடையாது. இன்டெல் ஐ5 12400-க்கு 100 டிகிரி, ரைசன் 5 5600-க்கு 90 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் 7600எக்ஸ், 7900எக்ஸ் போன்றவை முழு வேலையில் 95 வரை போகும்படியாகவே அமைக்கப்பட்டவை என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. அதில் 95 தெரிந்தால் பயப்பட வேண்டாம். 5600-இல் ரெண்டர் தொடங்கியதுமே 90-ஐத் தொட்டு வேகம் குறைந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்தது அறைச் சூடு. எந்த கூலரும் அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைக்க முடியாது, லிக்விட் கூலருக்கும் இதே விதிதான். யூடியூபில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. அங்கே 70 காட்டும் கூலர், மே மாத மத்தியானத்தில் நம் வீட்டு 38 டிகிரி அறையில் 85-ஐ ஒட்டிக் காட்டும். கூலர் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் பிராசஸர் காட்டும் எண்ணிலிருந்து அறையின் எண்ணைக் கழித்து, மிச்சத்தைப் பாருங்கள். ஜனவரியிலும் மே மாதத்திலும் அந்த மிச்சம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், கூலர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது: சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது? சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸரை முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். ஓரிரு நொடியிலேயே 50-இலிருந்து 100-க்குத் தாவினால், பிராசஸரிலிருந்து கூலருக்குச் சூடு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பேஸ்ட் காய்ந்திருக்கும், கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், அல்லது அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள். அப்படியில்லாமல் பத்து இருபது நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால், கேபினெட்டுக்குள் காற்று தேங்குகிறது. அப்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எட்டு பத்து டிகிரி இறங்கிவிட்டால் கூலர் மேல் குற்றமில்லை, கேபினெட்தான் மூச்சு முட்டுகிறது.

பேஸ்டா, புது கூலரா?

கோட்டையூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர், “அண்ணே, லிக்விட் போட்டா சரியாயிரும்ல?” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். ஐ5 12400, அதோடு பெட்டியிலேயே வந்த ஸ்டாக் கூலர். ரெண்டர் பட்டனை அழுத்திய அடுத்த நொடி 100. மேலே சொன்ன கணக்குப்படி கூலர் பிராசஸரோடு சரியாக ஒட்டவில்லை என்று தெரிந்துவிட்டது. கூலரைத் தொட்டு ஆட்டினோம். ஒரு மூலை அசைந்தது.

இன்டெல் ஸ்டாக் கூலரை மதர்போர்டில் நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கறுப்புத் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தக் குறி காட்டும் பக்கம் திருகினால் பின் விடுபடும். மாட்டும்போது அதை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு பின்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பிவிடாமல் மதர்போர்டின் பின்பக்கம் பார்த்து, வெள்ளைக் கால்கள் நான்கும் விரிந்து வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. தம்பியின் சிஸ்டத்தில் மூன்றுதான் வெளியே வந்திருந்தன. பழைய பேஸ்டைத் துடைத்து, புதுசு வைத்து, நாலாவது பின்னையும் அழுத்தி மாட்டியபின் அதே ரெண்டர் 90-க்குக் கீழே ஓடியது. செலவு பேஸ்ட் ஒன்றுக்கு மட்டும்தான்.

பேஸ்டின் தரம் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போல ஒரு நல்ல பேஸ்டுக்கும் அதைவிட விலை கூடியதற்கும் நடுவில் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். காய்ந்த பேஸ்டுக்கும் புது பேஸ்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிசு. துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். 70 சதவீதக் கலவைதான் கிடைத்தது என்றால் நன்றாக உலர விட்டுவிட்டுப் பேஸ்ட் வையுங்கள்.

ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்கள், அதாவது ரைசன் 5000 வரை, கூலரைக் கழற்றும்போது கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பிராசஸரில் ஊசிகள் பிராசஸரோடேயே இருக்கும். பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டால், கூலரை நேரே மேலே இழுக்கும்போது பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளைந்துவிடும். முதலில் ஒரு கால் மணி நேரம் சிஸ்டத்தை வேலை வாங்கி சூடாக்கி, ஆஃப் செய்து, ஸ்க்ரூவைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

பேஸ்ட் புதுசு, நான்கு பின்னும் சரி, அப்படியும் சூடு இறங்கவில்லை என்றால்தான் புது கூலர் என்ற பேச்சு வர வேண்டும்.

டவரா, லிக்விடா?

நாலு ஹீட் பைப் (சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் குழாய்), ஒரு 120 மிமீ ஃபேன் கொண்ட டவர் கூலர் (டீப்கூல் ஏகே400 போன்றவை) 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. அதற்கு மேல் இரட்டை டவர், ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன் என்று போனால் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. 240 மிமீ லிக்விட் கூலர் என்றால் பெரும்பாலும் ஏகே400-இன் விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு.

அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது? 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஐ9 வகைப் பிராசஸர் என்றால் லிக்விட் கூலருக்கு நியாயம் உண்டு. 65 வாட் ரைசன் 5 5600, முழு வேகத்தில் அதிகபட்சம் 117 வாட் வரை போகும் ஐ5 12400 போன்றவற்றில், நல்ல டவருக்கும் லிக்விடுக்கும் சில டிகிரிதான் வித்தியாசம். தண்ணீர் முதலில் சூட்டை வாங்கிக்கொள்வதால் தொடக்கத்தில் எண் குறைவாகத் தெரியும். மூன்று மணி நேர ரெண்டரில் தண்ணீரும் சூடாகிவிட, அந்த வித்தியாசம் சுருங்கிப் போகும்.

நான் டவர் பக்கம் நிற்பதற்கு இன்னொரு காரணம், பழுதானால் என்ன ஆகும் என்பது. டவரில் ஃபேன் நின்றால் ஐந்நூறு, ஆயிரத்துக்குள் ஒரு 120 மிமீ ஃபேன் வாங்கி நாமே மாட்டிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றுபோனால் தண்ணீர் ஓடாது, சீக்கிரமே வரம்பைத் தொட்டுவிடும், மொத்த கூலரையும்தான் மாற்ற வேண்டும். வருஷங்கள் போகப் போக ரப்பர் குழாய் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும் உண்டு. நம் பக்கத்திலிருந்து வாரண்டிக்கு அனுப்பினால் மதுரை, திருச்சி என்று ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போய் வர வேண்டும், பல சமயம் சென்னைக்கே அனுப்ப வேண்டியிருக்கும். முகூர்த்த மாதத்தில் யாராலும் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

லிக்விட்தான் என்று முடிவு செய்துவிட்டவர்கள், பம்ப் இருக்கும் இடத்தைவிட, தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் மேல் விளிம்பு உயரமாக இருக்கும்படி மாட்டுங்கள். காற்றுக் குமிழி எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் போகும். அது பம்புக்குள் தங்கினால் பம்ப் சீக்கிரம் போய்விடும்.

டவர் வாங்குபவர்கள் கேபினெட்டின் அகலத்தைப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு டவர்களும் 155 மிமீ உயரம், ஒல்லி கேபினெட்டில் மூடி சாத்தாது. பழைய கூலர் கைவசம் இருந்து 12-ஆம் தலைமுறை இன்டெலில் மாட்டப் போகிறவர்கள் அதன் சாக்கெட்டான எல்ஜிஏ1700-க்குரிய பிராக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும், துளைகளின் இடைவெளி 75 மிமீயிலிருந்து 78 ஆகிவிட்டது.

கேபினெட் ஃபேனும் செம்மண் புழுதியும்

மூடியைத் திறந்ததும் சூடு இறங்கியவர்களுக்கு இந்தப் பகுதி. நம் ஊர்ப் பழைய வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு வரை வாசல்கள் நேர்கோட்டில் தெரியும். காற்று முன்வாசலில் நுழையும், முற்றத்தில் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். கேபினெட்டுக்கும் இதே கணக்குதான். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் மேல்பக்கம் ஒன்று வெளியே தள்ள வேண்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட்டில் எத்தனை கலர் ஃபேன் மாட்டினாலும் இழுக்கக் காற்று இருக்காது. வலை முகப்புள்ள சாதாரண கேபினெட் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

அதற்காக மூடியைக் கழற்றியே வைத்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். செம்மண் புழுதி அவ்வளவையும் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டாக் கூலரின் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள், அலுமினியத் தகடுகளின் மேல் சிவப்பும் சாம்பலுமாக ஒரு படலம் கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அதற்குக் கீழே இறங்காது. சிஸ்டத்தை வாசலுக்கு எடுத்துப் போய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பேரிங் கெட்டுவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளு என்று இருக்கிறதே என்று கேபினெட்டைத் தரையிலேயே வைப்பவர்கள் ஒரு மணை போட்டு அதன்மேல் வையுங்கள். பெருக்கும்போது கிளம்பும் தூசியில் பாதி குறையும். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் வைத்திருப்பவர்கள் முதலில் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

காசில்லாத வழி

பயாஸில் வாட் குறைப்பதை ஏனோ பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஐ7 12700-க்குப் பெட்டியில் எழுதியிருப்பது 65 வாட், கூடுதல் வேகமான டர்போவில் 180 வாட் வரை போகும். பல மதர்போர்டுகள் அந்த 180-ஐ நேர வரம்பே இல்லாமல் விட்டுவிடும். பயாஸில் பிஎல்1 (நீண்ட நேர வாட் வரம்பு), பிஎல்2 (குறுகிய நேர வாட் வரம்பு) என்ற இரண்டு இடத்திலும் 100-ஐ ஒட்டி வைத்துவிட்டால் சூடு மளமளவென்று இறங்கும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் வாட் குறைந்த அளவுக்கு வேகம் குறைவதில்லை. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் பிராசஸர் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிறது.

ரைசனில் இதற்கு ஈகோ மோட் என்ற செட்டிங் இருக்கிறது. 105 வாட் 5800எக்ஸ் அதில் 65 வாட் வகைக்கு இறங்கிவிடும். சாக்கெட் வழியே போகும் மின்சாரம் 142 வாட்டிலிருந்து 88 ஆகும். 5000 வரிசை முதல், பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரும் உண்டு. எல்லா கோருக்கும் மைனஸ் 10-இல் தொடங்கிப் பாருங்கள். சிஸ்டம் தொங்கினால் எண்ணைப் பூஜ்யத்தின் பக்கம் கொண்டுவாருங்கள், தொங்காவிட்டால் மைனஸை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். வாட் குறைந்தால் கரண்ட் போகும்போது யூபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்கும்.

ஏசிக்காகத் தனியாகச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். ஏசி இருக்கும் அறை வீட்டில் ஏற்கெனவே இருந்தால் சிஸ்டத்தை அங்கே மாற்றிவிடுங்கள். அறை பத்து டிகிரி இறங்கினால் பிராசஸரும் ஏறக்குறைய பத்து இறங்கும். ஏசி இல்லையென்றால் கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள பழைய வீட்டுக் கீழறை, மொட்டைமாடிக்குக் கீழே உள்ள கான்கிரீட் அறையைவிட எவ்வளவோ மேல். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மாடி அறைதான் கதி என்றால், நீளமான ரெண்டரை அந்தி நேரத்தில் போடாமல் விடியற்காலைக்குத் தள்ளி வைத்துவிடுங்கள்.