பழைய குற்றத்துக்குப் புகார்: காவல்துறை இணையச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தபடியே புகார் அனுப்பலாம், சி.எஸ்.ஆர் (புகாரைப் பெற்றதற்கான நிலைய ரசீது) நிலையைப் பார்க்கலாம், எஃப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) நகலை எடுக்கலாம். நேற்று நடந்த விஷயத்துக்கு இது நல்ல வசதி. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் சிறுவயதில் நடந்த பாலியல் குற்றத்துக்கு இதை நம்பலாமா? தொடக்கத்துக்கு நம்பலாம். இதோடு நிறுத்தினால் புகார் பாதி வழியில் நின்றுவிடும்.

“இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு?” என்ற கேள்விக்குப் பயந்தே பலர் நிலையத்துப் படியேறுவதில்லை. சட்டத்தின் பதில் தெளிவானது. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-இன் 514ஆவது பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி 468) காலவரம்பு வைப்பது சிறிய குற்றங்களுக்கு மட்டும்தான். அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, அதற்கு மேல் மூன்றாண்டு வரை சிறை என்றால் மூன்றாண்டு. உச்ச தண்டனை மூன்றாண்டைத் தாண்டினால் வரம்பே கிடையாது. கொலை, பாலியல் வல்லுறவு, போக்சோவின் (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 4, 6, 8ஆம் பிரிவுகள் எல்லாம் இதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் போக்சோ புகார் தரலாம் என்று 2018 அக்டோபரில் மத்திய அரசும் சொல்லிவிட்டது. புகார்ப் படிவத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் இந்த ஒரு வரி இருக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அது தைரியம் தரும்.

ஆனால் குற்றம் நடந்த தேதியைப் பொறுத்துச் சட்டம் மாறும். இங்கேதான் வழக்குகள் சறுக்குகின்றன. போக்சோ அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதற்கு முன் நடந்ததற்கு ஐ.பி.சி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்) மட்டும்தான் பொருந்தும். வல்லுறவு (376) என்றால் கவலையில்லை. பெண் குழந்தையைத் தவறாகத் தொட்டது 354ஆவது பிரிவில் வந்தால் சிக்கல். 2013 பிப்ரவரி 3க்கு முன் அதன் உச்ச தண்டனை இரண்டே ஆண்டு, ஆகவே மூன்றாண்டு வரம்பு உண்டு. இப்போது அது ஐந்தாண்டு, வரம்பு இல்லை. ஆனால் புதிய தண்டனையைப் பழைய செயலுக்குப் பொருத்த அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு விடாது. மிச்சமிருக்கும் வழி பி.என்.எஸ்.எஸ் 519ஆவது பிரிவு: தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அல்லது நீதிக்கு அவசியம் என்று தோன்றினால், வரம்பு கடந்த வழக்கையும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நம் பார்வையில் சிறுவயதில் நடந்த பாலியல் குற்றங்கள் எதற்குமே இந்த மூன்றாண்டுக் கணக்கு இருக்கக் கூடாது. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும்.

இனி படிவம். சம்பவ நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் தொடங்கி ஒன்பதாம் வகுப்பு வரை நடந்ததை ஒற்றைத் தேதியில் எப்படி அடைப்பது? ஏதோ ஒரு நாளைக் கற்பனையாகப் போட்டுவிடாதீர்கள். குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். நினைவிருக்கும் முதல் நிகழ்வின் தோராயமான நாளைப் போட்டு, விவரப் பகுதியில் “தேதி தோராயமானது, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை” என்று எழுதுங்கள். திருவிழா, பரீட்சை, குடிமாறிய ஆண்டு போன்ற அடையாளங்கள் வெறும் தேதியை விட வலுவானவை.

அடுத்து, தாமதத்துக்கான காரணத்தைத் தனிப் பத்தியாக எழுதியே ஆக வேண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் போடுவது கட்டாயம் என்று சொன்ன 2013ஆம் ஆண்டு லலிதா குமாரி தீர்ப்பே, மூன்று மாதத்துக்கு மேல் காரணமில்லாத தாமதம் இருந்தால் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றும் சொல்கிறது. அப்போது வயது என்ன, யாரை அண்டி வாழ்ந்தீர்கள், யார் மிரட்டினார்கள், முதன்முதலில் எப்போது யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதினால் அந்த வாசல் பெருமளவு அடைபடும்.

அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மின்னணு வழியில் தந்த தகவலில் மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால்தான் அது பதிவுக்கு வரும் என்கிறது பி.என்.எஸ்.எஸ் 173ஆவது பிரிவு. ஆகவே பதிவெண்ணோடும் அச்சிட்ட நகலோடும் நிலையத்துக்குப் போக வேண்டும். சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தரலாம். பாலியல் குற்றம் என்றால் பெண் அதிகாரிதான் பாதிக்கப்பட்ட பெண்ணின் தகவலைப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம்.

சி.எஸ்.ஆர் ரசீது எஃப்.ஐ.ஆர் ஆகாது. ரசீதோடு காத்திருந்தால் கொலைக்கோ வல்லுறவுக்கோ காலம் போய்விடாது. கணவர் வீட்டுக் கொடுமைக்கு (ஐ.பி.சி 498ஏ, இன்று புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்-இன் 85) போய்விடும். அதன் உச்ச தண்டனை சரியாக மூன்றாண்டு என்பதால் வரம்புக்குள் வருகிறது, கடைசியாக நடந்த கொடுமையிலிருந்து எண்ண வேண்டும். வரம்புக் கணக்குக்கு எஃப்.ஐ.ஆர் பதிந்த நாளை, அல்லது மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் தந்த நாளைத்தான் 514இன் விளக்கம் சொல்கிறது. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, சென்னை போன்ற மாநகரமென்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ் 175(3)இன் கீழ் மனு, கூடவே சத்தியப்பிரமாணப் பத்திரம். இணையப் பதிவெண், தபால் ரசீது, ஒப்புகை மூன்றும் இங்கே உதவும். இணையச் சேவையின் உண்மையான பலனே இதுதான். எந்த நாளில் என்ன சொன்னீர்கள் என்பதற்கு நிலையத்தின் தயவில்லாமல் ஒரு தடயம் கிடைக்கிறது.

போக்சோ வழக்குக்கு இன்னொரு காகிதமும் வேண்டும்: சம்பவத்தின்போது 18 வயது நிறையவில்லை என்பதற்கான சான்று. பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ். பழைய பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு எங்கே போனது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டிவரும். அதற்கு நாளாகும் என்பதால், புகாரை நிறுத்தி வைக்காமல் அந்த வேலையையும் கூடவே தொடங்கிவிடுங்கள்.