டோலரைட்டும் பசால்ட்டும்: ஒரே குழம்பு, இருவேறு பாறை

டோலரைட்டும் பசால்ட்டும் நிலத்தடியிலிருந்து எழும் உருகிய பாறைக்குழம்பு உறைந்து உருவாகும் பாறைகள். வட இங்கிலாந்தின் வின் சில் என்னும் பாறையடுக்கின் டோலரைட்டும் வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே என்னும் கடலோரப் பாறைத்தொகுதியின் பசால்ட்டும் வேதிக்கூறுகளில் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் கருமையானவை, இரண்டும் தூண்களாகப் பிளந்திருப்பவை என்பதால், நிறத்தையும் தூண்களையும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய முயல்வது வீண்.

வேறுபாடு, அவை குளிர்ந்த இடத்தில் இருக்கிறது. காஸ்வேயின் குழம்பு சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் தரைமேல் வழிந்து விரைவாக ஆறியதால், அதன் படிகங்கள் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை. வின் சில்லின் குழம்போ, ஏறத்தாழ 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக்கல், மணற்கல் அடுக்குகளுக்கிடையே புகுந்து, அதிக ஆழமில்லாத நிலத்தடியில் மெல்ல உறைந்தது. அதனால் படிகங்கள் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. பிளேஜியோகிளேஸ் என்னும் வெளிர்நிறக் கனிமத்தின் கீற்றுகளைப் பைராக்சீன் என்னும் கருநிறக் கனிமம் சூழ்ந்துகொண்ட பின்னலான இழையமைப்பே டோலரைட்டுக்குரிய அடையாளம். ஆயினும் சுற்றுப்பாறையைத் தொட்டுச் சட்டென்று குளிர்ந்த விளிம்பில் அதுவும் பசால்ட்டைப் போலவே நுண்மணியாக இருக்கும்; உடைந்த துண்டொன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

என் கணிப்பில் நம்பத்தக்க சான்று, பாறையின் மேல்விளிம்பை ஒட்டிய அடுக்கே. தரையில் வழிந்த குழம்பு தனக்குக் கீழுள்ளதை மட்டுமே சுடும். ஊடுருவிய குழம்பு மேலடுக்கையும் சேர்த்துச் சுடும். வட இங்கிலாந்தின் மேல் டீஸ்டேல் பள்ளத்தாக்குப் பகுதியில் வின் சில்லின் வெப்பம் சுண்ணாம்புக்கல்லைச் சர்க்கரை போல் உதிரும் பளிங்காக்கியிருக்கிறது.